கோடைச் சொற்பொழிவும் இல்லறத்தார் கடமையும்



மழைக்காலத்தின் நான்கு மாதங்களில் துறவியர் ஓரிடத்தே தங்கி அறமுரைப்பர். இல்லறத்தார் கூடியிருந்து கேட்பர். இது நாம் நன்கறிந்த மரபு. கோடை விடுமுறையில் ஊர்ச் சங்கங்கள் நடத்தும் சொற்பொழிவுத் தொடர் இதனின் சற்று வேறானது. இங்கே இல்லறத்தார் தாமே கூடித் தம் காலத்துச் சமுதாயச் சிக்கல்களை ஆராய்கின்றனர். தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் போன்றதொரு பேரூரில் இத்தகைய தொடரை அமைப்பதாயின், எவற்றைப் பேசுவது, எவ்வாறு கேட்பது, கேட்டபின் என் செய்வது என்னும் மூன்றையும் சிந்திப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முன்னோர் காட்டிய வழி

1875-ஆம் ஆண்டில் புனே நகரில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே முதலிய பெரியோர் 'வசந்த வியாக்கியான மாலை' என்னும் சொற்பொழிவுத் தொடரைத் தோற்றுவித்தனர். ஏப்ரல், மே மாதங்களில் நாள்தோறும் ஓர் அறிஞர், ஒரு பொருள் என்பது அதன் முறை. கைம்பெண் மறுமணமும் பெண்கல்வியும் பேசத் தகாதவையாக எண்ணப்பட்ட காலத்தில், அவற்றைப் பொது மேடைக்குக் கொணர்ந்த தலைமுறையினர் அமைத்த மேடை அது.

அதற்கு ஓராண்டு முன்னர், 1874-இல், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சட்டாக்குவா ஏரிக்கரையில் லூயிஸ் மில்லர், ஜான் வின்சென்ட் என்னும் இருவர் கோடைக்கால வகுப்புகளைத் தொடங்கினர். நான்காண்டு கழித்து, 1878-இல், அவர்கள் செய்த ஒரு செயல் நம் கருத்திற்குரியது. கோடை முடிந்து வீடு திரும்பியோர் ஆண்டு முழுவதும் தத்தம் ஊரிலேயே கூடிப் படிப்பதற்கென நான்காண்டுப் பாடத்திட்டத்துடன் படிப்பு வட்டம் ஒன்றை நிறுவினர். மேடைப் பேச்சு மேடையோடு முடிந்துவிடலாகாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

கேள்வி என்னும் சொல்

தமிழில் 'கேள்வி' என்னும் ஒரே சொல், செவியால் கேட்டலையும் குறிக்கிறது, வினாவுதலையும் குறிக்கிறது. நம் கூட்டங்களில் முதற்பொருள் மட்டுமே நிலவுகிறது. தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என நேரம் கழிந்து, வினாவுக்கு இடமின்றிப் போகிறது. எனவே நாற்பது நிமிடம் பேச்சு, நாற்பது நிமிடம் வினா என முன்னரே வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. மாமியார் அமர்ந்துள்ள அவையில் மருமகள் எழுந்து வினவ நாணுவாள். தந்தைமுன் மகள் தயங்குவாள். வாயிலில் ஒரு பெட்டி வைத்து, பெயரின்றி எழுதிய சீட்டுகளை அதில் இடச் செய்தால், உள்ளத்தே புதைந்து கிடக்கும் வினாக்கள் வெளிவரும்.

பேசுவோரையும் புகழ் நோக்கித் தேட வேண்டியதில்லை. குடிநீர்ப் பொறியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், தலைமையாசிரியர், வழக்குரைஞர் ஆகியோர் அண்மையிலேயே கிடைப்பர். பொருளும் அவ்வாறே நம் வாயிற்படியிலிருந்து தொடங்க வேண்டும். அம்முறையில் மூன்று மாலைகளை இங்கே வகுத்துக் காட்டுவோம்.

முதல் மாலை: நீர்

வடிகட்டாத நீரைப் பருகலாகாது என்பது நம் இல்லங்களில் குழந்தையும் அறிந்த ஒழுக்கம். துணியால் வடிப்பதால் நீர்வாழ் சிற்றுயிர்கள் காக்கப்படுகின்றன. கொதிக்க வைப்பதால் நோய்க்கிருமிகளின் தீங்கு நீங்குகிறது. ஆயினும் தருமபுரிப் பகுதியின் நிலத்தடி நீரில் உள்ள தீங்கு வேறு வகையினது. இப்பகுதியின் கடும்பாறைகளிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு என்னும் உப்பு நீரில் கரைகிறது. கரைந்த உப்பு துணியில் தங்காது. கொதிக்க வைத்தாலோ நீர் ஆவியாகக் குறையும், உப்பு குறையாது, ஆதலின் அதன் செறிவு சற்று மிகவே செய்யும். நன்மை கருதி நாம் செய்யும் இரு செயல்களும் இத்தீங்கிற்கு மருந்தாகா என்பதை இல்லத்தரசியர் அனைவரும் அறிதல் வேண்டும்.

ஒரு லிட்டர் நீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் கிடையாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. இதனின் மிக்க நீரைப் பல் உருவாகும் பருவத்துக் குழந்தைகள் தொடர்ந்து பருகினால் பல்லில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் தோன்றும். மிகு அளவில் பல்லாண்டு பருகினால் எலும்பும் மூட்டும் இறுகி, நிமிரவும் குனியவும் இயலாத நிலை நேரும். நிறத்தாலோ சுவையாலோ இதனை அறிய இயலாது. சோதனை ஒன்றே வழி.

இக்குறை போக்கவே, ஜப்பான் நாட்டு நிதியுதவியுடன், காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாயில் ஆற்று நீர் வரும்போது குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதனையே கொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைத் துவைத்தல் முதலியவற்றிற்கு ஒதுக்கலாம். கூரையில் தூய்மையாகச் சேர்த்த மழைநீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு. இம்மாலைக்கு வருவோர் ஒவ்வொருவரும் தம் வீட்டு நீரை ஒரு புட்டியில் கொணர்ந்து சோதனைக்குத் தருதல் வேண்டும்.

இரண்டாம் மாலை: பெண் மகவு

இது பேசுதற்கு வருத்தம் தருவது. பேசாதிருத்தல் அதனினும் பெருந்தீங்கு. பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் கொடுமை சேலம், தருமபுரி, மதுரைப் பகுதிகளில் நிகழ்ந்ததை நாடறியும். முதற் பெண்ணை வளர்த்து, அடுத்துப் பிறந்த பெண்களைச் சுமையெனக் கருதியதே பெரும்பாலும் இதன் தன்மை. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. 2001-இல் அது தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிவாயிற்று. தொட்டில் உயிரைக் காத்தது. பெற்றோர் மனத்தை மாற்றுவது தொட்டிலால் ஆகக்கூடியதன்று. 1990-களின் பிற்பகுதியில், டென்மார்க் நாட்டு உதவி பெற்ற சுகாதாரத் திட்டத்தின்கீழ், தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் கலைப்பயணக் குழுக்கள் தெரு நாடகமும் பாட்டும் நிகழ்த்தி இக்கொடுமையை ஊர் நடுவே பேசச் செய்தன. வீட்டினுள் மறைத்த ஒன்று மந்தையில் பேசப்பட்டபோது, அதனைச் செய்வோர்க்கு ஊரின் உடன்பாடு இல்லை என்பது தெளிவாயிற்று.

இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள், ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 826, 2011-இல் 913. ஏற்றம் மகிழ்ச்சிக்குரியதே. எனினும் 2011-இல் தமிழகத்தின் சராசரி 943. சிசுக்கொலை குறைந்த இடங்களில் கருவிலேயே அறிந்து அழிக்கும் தீமை புகக்கூடும். கருவின் பாலினத்தைச் சொல்லுதலும் சொல்லுமாறு கேட்டலும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

'நம் குடும்பங்களில் இவை நிகழ்வதில்லையே' என்று சிலர் கூறலாம். நம் ஆகமங்கள் தீவினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாக வகுத்துள்ளன. எண்ணித் துணிந்து செய்யும் கொலை இல்லறத்தாரும் முற்றிலும் விலக்க வேண்டியது. கை செய்யாவிடினும் மனம் உடன்பட்டால் வினை ஒட்டும். எறும்பை மிதியாது நடக்கும் நாம், பெண் பிறந்த வீட்டில் 'போகட்டும், அடுத்தது ஆணாகப் பிறக்கும்' என்று ஆறுதல் கூறுவதில்லையா? சீர்வரிசைப் பட்டியலை நீட்டி, பெண்ணைப் பெற்றவரை அஞ்சச் செய்வதில்லையா? அவ்வச்சமே கொடுமையின் வேர். ஆதிபகவன் தம் மகளிர் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது நம் புராண மரபு. அம்மரபினர் பெண் மகவை வரவேற்க நாணுவது முறையாகுமா?

மூன்றாம் மாலை: இளவயது மணம்

மே மாதம் தேர்வு முடிவுகளும் மண நாள்களும் ஒருங்கே வரும் மாதம். பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணை மேலே படிக்க அனுப்புவதா, மணமுடிப்பதா என்னும் முடிவு பல இல்லங்களில் அப்போதுதான் எடுக்கப்படுகிறது. ஆதலின் இப்பொருளைக் கோடையில் பேசுதலே காலத்தாற் செய்த உதவியாகும். 2007 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருத்தல் வேண்டும். நடத்தி வைப்போரேயன்றி, அறிந்து கலந்துகொள்வோரும் தண்டனைக்கு உள்ளாவர். உடன்படுதலும் வினையே என்னும் நம் அறநூற் கருத்தைச் சட்டமும் ஏற்றிருத்தல் காண்க. 1098 என்னும் தொலைபேசி எண்ணில் எவரும் தகவல் தரலாம். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. 'படிக்க வைக்க வழியில்லை' என்னும் பெற்றோர்க்கு இதனை எடுத்துச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பித் தருதல் ஒரு சிறந்த சாத்திர தானமாகும்.

கேட்டபின் கொள்ளும் நோன்பு

1949-இல் ஆசாரிய துளசி அணுவிரத இயக்கத்தைத் தொடங்கியபோது, பெரிய துறவை அன்றி இல்லறத்தார் கடைப்பிடிக்கத்தக்க சிறு நோன்புகளையே வற்புறுத்தினார். நம் சொற்பொழிவு மாலைகளும் அவ்வாறே ஒவ்வொரு நோன்புடன் நிறைவுறுதல் தகும். 'எங்கள் வீட்டுக் குடிநீரைச் சோதிப்போம்' என்பது முதல் மாலைக்கு. 'பெண் பிறந்த வீட்டிற்கு இனிப்புடன் சென்று வாழ்த்துவோம். சீர்வரிசை கேளோம்' என்பது இரண்டாம் மாலைக்கு. 'வயது நிறையாத மணத்திற்குச் செல்லோம்' என்பது மூன்றாம் மாலைக்கு. சங்கத்தார் இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, அடுத்த கோடையின் முதல் மாலையில் அக்குறிப்பேட்டைத் திறந்து, நிறைவேறியவை எவை, நிறைவேறாதவை எவை என அவையில் கூறுதல் வேண்டும். அஃதின்றேல் புதிய தலைப்பும் புதிய மாலையும் புதிய பொன்னாடையுமாக ஆண்டுகள் கழியும். ஊர் இருந்தபடியே இருக்கும்.

நற்காட்சியும் நல்ஞானமும் நல்லொழுக்கத்தில் வந்து கூடும்போதுதான் மும்மணியாகின்றன. கேட்டறிந்தது ஞானம், வீட்டிற்குச் சென்று செய்வது ஒழுக்கம். இவ்விரண்டையும் இணைப்பதே கோடைச் சொற்பொழிவின் பயன் என்க.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. துணியால் வடித்தலும் கொதிக்க வைத்தலும் நீரின் எத்தீங்கை நீக்கும்? எத்தீங்கை நீக்கா?
2. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் இளவயது மணத்திற்குப் பொருத்திக் காட்டுக.
3. உங்கள் ஊரில் நான்காம் மாலை ஒன்று அமைப்பதாயின் எப்பொருளை எடுப்பீர்கள்? அதன் முடிவில் கொள்ளத்தக்க நோன்பு யாது?