அந்தியை வரையப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, தூரிகையும் பெட்டியுமாக முதல் முறை வெளியே கிளம்புகிறாய். ஐம்பது வருடம் தப்பும் தவறுமாக வரைந்து பழகியவன் சொல்கிறேன், கொஞ்சம் நின்று கேள். உனக்கு வழித்துணையாக ஒருவரை அறிமுகம் செய்கிறேன். அவர் செக் நாட்டு ஓவியர் அன்டோனின் ஹுடெச்செக். 1872இல் பிறந்தார், 1941இல் மறைந்தார். 1900இல் அவர் வரைந்த 'அந்தி அமைதி' என்ற படம்தான் எனக்கு மாலை வெளிச்சத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது.

1. பாதை மாற அஞ்சாதே. ஹுடெச்செக் ப்ராகிலும் மியூனிக்கிலும் மனித உருவங்களை வரையப் படித்தவர். பிறகுதான் மனம் நிலக்காட்சியின் பக்கம் திரும்பியது. ஆசிரியர் என்ன நினைப்பாரோ என்று பயந்தே நான் பத்து வருடம் உருவப்படங்களோடு மல்லுக்கட்டினேன். அந்தப் பத்து வருடம் திரும்பி வரவில்லை.

2. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போ. ப்ராகுக்கு அருகே ஒகோர்ஷ் என்று ஒரு சிற்றூர். இடிந்த கோட்டையும் நீர்நிலையும் வயலும்தான் அங்கே உண்டு. ஹுடெச்செக்குக்கு அது போதுமானதாக இருந்தது. நான் மலை, கடல், அருவி என்று அலைந்தேன். பை நிறையப் படம் சேர்ந்தது, ஓரிடமாவது எனக்குப் பழக்கமாகவில்லை.

3. உன்னைவிட நன்றாக வரைபவனோடு சேர்ந்து நட. ஒகோர்ஷில் ஹுடெச்செக்குக்குத் துணையாக இருந்தவர்கள் யூலியுஸ் மார்ஷாக்கிடம் நிலக்காட்சி பயின்ற இளைஞர்கள். 1902இல் யான் ப்ரைஸ்லர் என்ற ஓவிய நண்பரோடு இத்தாலிக்குப் போனார். என் தோழன் ஒருவன் தண்ணீரை அற்புதமாக வரைவான். பொறாமையில் அவனிடம் என் படங்களைக் காட்டுவதை நிறுத்தினேன். பொறாமைக்காரன் முதலில் இழப்பது கண்ணை.

4. தெரிந்ததை வரையாதே, தெரிவதை வரை. என் முதல் அந்திப் படத்தில் நிழலெல்லாம் கறுப்பைத்தான் பூசினேன். அடுப்புக்கரியை இழுகினாற்போல இருந்தது. செம்பருத்திச் செடியின் எதிரே ஒரு மாலை உட்கார்ந்து பார். வெளிச்சம் குறையக் குறைய முதலில் பூ கறுக்கும், இலை இன்னும் தெளிவாக நிற்கும். மங்கிய ஒளியில் சிவப்பு முந்தி மங்குவதையும் நீலம் எடுப்பாகத் தெரிவதையும் கவனித்துச் சொன்னவர் யான் புர்க்கின்யே. அவரும் செக் நாட்டுக்காரர்தான், அறிவியலாளர்.

5. வெறுமையைக் கண்டு பதறாதே. வானம் காலியாக இருக்கிறதே என்று ஒருமுறை ஐந்து கொக்குகளைப் பறக்கவிட்டேன். என் ஆசிரியர் ஒன்றும் பேசாமல் கட்டைவிரலால் நான்கை அழித்தார். ஐந்தாவதை நானே அழித்தேன். அமைதியை வரைகிறவன் கையிலும் அமைதி வேண்டும்.

6. காலம் மாறும்போது கசந்துபோகாதே. ப்ராகில் கியூபிசம் என்ற புதிய ஓவியப் பாணி அலையாக எழுந்தபோதும் ஹுடெச்செக் நிலத்தைக் கைவிடவில்லை. மலைகளைத் தேடிப் போனார், வரைந்துகொண்டே இருந்தார். புதியவர்களைத் திட்டித் தீர்த்த நாட்களில் நான் ஒரு கோடுகூட உருப்படியாகப் போட்டதில்லை.

7. அந்தி அரை மணி நேரம்கூட நிற்காது. அதற்காக அவசரப்படாதே. நாளையும் அந்தி வரும். இன்று பெட்டியைத் திறக்காதே, கண்ணு. இருட்டும்வரை பார்த்துக்கொண்டு மட்டும் இரு. நாளை மாலை அதே இடத்துக்குப் போய் வரையத் தொடங்கு.