சதுரங்கப் பாடம்: பிரெஞ்சுத் தற்காப்பில் இரு பக்கத்தாரின் திட்டங்கள்



காய்களை எப்படி நகர்த்துவது என்று தெரிந்த பிள்ளைகள் நம் லயங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் நாலைந்து நகர்வுகளை மளமளவென்று ஆடிவிடுகிறார்கள். அதன்பின் "இனி என்ன செய்றது?" என்று கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து, கடைசியில் ஏதோ ஒரு காயைத் தள்ளிவிடுகிறார்கள். ஆட்டம் அநேகமாக அந்த இடத்தில்தான் கைநழுவிப் போகிறது. நகர்வுகளை மனப்பாடம் செய்தவருக்கு, மனப்பாடம் முடிந்ததும் வழி முடிந்துவிடும். திட்டம் தெரிந்தவருக்கு அப்போதுதான் வழி தொடங்கும். ஆகவே இந்தப் பாடத்தில் ஒரே ஒரு தொடக்கத்தை எடுத்து, வெள்ளைக்காரர் என்ன நினைத்து ஆட வேண்டும், கறுப்புக்காரர் என்ன நினைத்து ஆட வேண்டும் என்று இரண்டு பக்கமும் பார்ப்போம்.

முதலில் பெயர்கள். அரசன், அரசி, குதிரை எல்லாருக்கும் தெரியும். நேராக ஓடும் மூலைக்காயைக் கோட்டை என்றும், குறுக்குச் சாய்வாக ஓடும் காயை மந்திரி என்றும், முன்னால் நிற்கும் எட்டுச் சிறு காய்களைக் காலாள் என்றும் இங்கே எழுதுகிறேன். வெள்ளைக்காரரின் இடது கைப் பக்கமிருந்து நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, ஈ, எப், ஜி, எச். அவர் பக்கமிருந்து குறுக்கு வரிசைகள் 1 முதல் 8 வரை. பலகையை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகர்வையும் ஆடிப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள். சும்மா வாசித்தால் மண்டையில் ஏறாது.

பெயர் வந்த கதை

1834ஆம் ஆண்டு லண்டன் நகரச் சங்கம் ஒன்றும் பாரிஸ் நகரச் சங்கம் ஒன்றும் கடிதம் மூலமாக ஆடத் தொடங்கின. லண்டன்காரர்கள் ஈ4 என்று காலாளை வைத்ததற்கு, பாரிஸ்காரர்கள் ஈ6 என்று பதில் போட்டார்கள். பாரிஸ் பக்கமே வென்றது. அன்றிலிருந்து இந்தப் பதிலுக்குப் பிரெஞ்சுத் தற்காப்பு என்று பெயர். இன்றும் உலகமெங்கும் இதை ஆடுகிறார்கள். இதில் பல கிளைகள் உண்டு. திட்டம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் 'முன்னேற்றக் கிளை'யை நாம் எடுத்துக்கொள்வோம்.

முதல் ஐந்து நகர்வுகள்

1. வெள்ளை: காலாள் ஈ4. கறுப்பு: காலாள் ஈ6.
2. வெள்ளை: காலாள் டி4. கறுப்பு: காலாள் டி5.
3. வெள்ளை: காலாள் ஈ5. கறுப்பு: காலாள் சி5.
4. வெள்ளை: காலாள் சி3. கறுப்பு: குதிரை சி6.
5. வெள்ளை: குதிரை எப்3. கறுப்பு: அரசி பி6.

இங்கே நிறுத்துங்கள். பலகையின் நடுவைப் பாருங்கள். வெள்ளைக் காலாட்கள் டி4, ஈ5 என்று சாய்வாக நிற்கின்றன. கறுப்புக் காலாட்கள் ஈ6, டி5 என்று எதிர்ச்சாய்வாக நிற்கின்றன. ஒன்றையொன்று முட்டி நிற்பதால் இரண்டு பக்கமும் அசைய முடியாது. இப்படிச் சாய்வாகக் கைகோத்து நிற்பதைக் காலாள் சங்கிலி என்பார்கள்.

மலைச்சரிவில் மண் சரியாமல் கட்டும் கல்சுவரை எல்லாரும் பார்த்திருக்கிறோம். மேல்கல்லைத் தட்டினால் ஒரு கல்தான் விழும். அடிக்கல்லை உருவினால் சுவரே சரியும். சங்கிலியும் அப்படித்தான். 1886இல் ரீகா நகரில் பிறந்த ஆரோன் நிம்சோவிச் என்ற பெரும் ஆட்டக்காரர், 1925இல் வெளிவரத் தொடங்கிய 'மை சிஸ்டம்' என்ற தமது நூலில், சங்கிலியை அதன் அடியில் தாக்க வேண்டும் என்று விளக்கியிருக்கிறார். வெள்ளையின் முன்னணிக் காலாள் ஈ5. அதைத் தாங்குவது டி4. கறுப்பின் முன்னணிக் காலாள் டி5. அதைத் தாங்குவது ஈ6. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

கறுப்பின் திட்டம்

முதல் வேலை, டி4 காலாளை நெருக்குவது. மூன்றாம் நகர்வில் சி5 ஆடியது அதற்குத்தான். சி6 குதிரையும் அதையே பார்க்கிறது. பி6 அரசியும் அதையே பார்க்கிறாள், கூடவே பி2 காலாளிலும் ஒரு கண். மற்றக் குதிரைக்கு எப்6 கட்டம் கிடையாது, ஈ5 காலாள் அதைக் காவல் செய்கிறது. ஆகவே அது எச்6 அல்லது ஈ7 வழியாகச் சுற்றி எப்5க்கு வரும். அங்கிருந்து அதுவும் டி4ஐத் தாக்கும்.

இரண்டாம் வேலை, காலம் பார்த்து எப்6 என்று காலாளைத் தள்ளி ஈ5ஐ இடிப்பது. இதனால் எப் வரிசை கறுப்புக் கோட்டைக்குத் திறக்கும். ஆனால் அவசரப்படக் கூடாது. வெள்ளை வெட்டிவிட்டால் ஈ6 காலாள் தனியாக நின்று பலவீனப்படலாம். காய்கள் வெளியே வந்தபிறகு செய்ய வேண்டிய வேலை இது.

மூன்றாம் வேலை, சி8இல் இருக்கும் மந்திரிக்கு வழி தேடுவது. அது வெள்ளைக் கட்டத்து மந்திரி. கறுப்பின் ஈ6, டி5 காலாட்களும் வெள்ளைக் கட்டத்தில் நிற்கின்றன. சொந்தக்காரர்களே கதவை அடைத்த மாதிரி. டி7, பி5 என்று போய் வெள்ளையின் அதே நிற மந்திரியோடு மாற்றிக்கொண்டால் கறுப்புக்கு நிம்மதி. இல்லாவிட்டால் எப்6 ஆடிய பிறகு டி7, ஈ8 வழியாக வெளியே வரலாம்.

வெள்ளையின் திட்டம்

வெள்ளைக்கு இருக்கும் பெரிய சொத்து ஈ5 காலாள். அது கறுப்புக் குதிரையை எப்6க்கு வரவிடாமல் தடுப்பதால், கறுப்பு அரசன் பக்கம் காவல் குறைவு. ஆகவே வெள்ளையின் தாக்குதல் அரசன் பக்கமாகத்தான் போக வேண்டும். மந்திரியை டி3க்குக் கொண்டுவந்தால் அது எச்7ஐக் குறிபார்க்கும். நீண்டகால நோக்கில், எப்3 குதிரையை விலக்கி, எப்4, எப்5 என்று காலாளைத் தள்ளினால் அது கறுப்புச் சங்கிலியின் ஊன்றான ஈ6ஐ இடிக்கும். கறுப்பு உங்கள் அடிக்கல்லை உருவப் பார்க்கிறது, நீங்கள் அதன் அடிக்கல்லை உருவப் பார்க்கிறீர்கள். யார் முந்துவது என்பதுதான் போட்டி.

ஆனால் தாக்கப் போகுமுன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். டி4 விழுந்தால் ஈ5க்குத் தாங்கல் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாருங்கள்: டி4ஐத் தாக்குவது எத்தனை காய், காப்பது எத்தனை காய்? சி5 காலாள் டி4இல் வெட்டி, சி3 காலாள் திருப்பி வெட்டிய பிறகு, தாக்குவது சி6 குதிரையும் பி6 அரசியும், ஆக இரண்டு. காப்பது எப்3 குதிரையும் டி1 அரசியும், இதுவும் இரண்டு. கறுப்பின் அடுத்த குதிரை எப்5க்கு வந்தால் தாக்குவது மூன்றாகிவிடும். அதற்குள் வெள்ளை ஒரு காவலைக் கூட்ட வேண்டும்.

அதற்கு நல்ல வழி ஆறாம் நகர்வில் ஏ3. அடுத்து பி4 ஆடி, மந்திரியை பி2இல் வைத்தால் மூன்றுக்கு மூன்று சரியாகிவிடும். கறுப்பு அதைத் தடுக்க உடனே சி4 என்று தள்ளலாம். அதன்பின் வெள்ளை பி4 ஆடினால், கறுப்பு போகிற வழியிலேயே பி3இல் வெட்டிவிடும். இந்த சி4ஆல் கறுப்புக்கு லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. லாபம், பி3 கட்டம் பலவீனமாகிறது, கறுப்புக் குதிரை ஏ5 வழியாக அதைப் பிடிக்கலாம். நட்டம், டி4இன் மேல் இருந்த நெருக்கடி தளர்ந்துவிடுகிறது. வெள்ளை நிம்மதியாக அரசன் பக்கம் போகலாம். அதனால்தான் கறுப்பு அப்போது பெரும்பாலும் தன் அரசனை அரசி பக்கமாகக் கோட்டை கட்டிக்கொள்கிறது.

எல்லாரும் விழும் பொறி

ஆறாம் நகர்வில் வெள்ளை மந்திரியை டி3க்குக் கொண்டுவருகிறது. கறுப்பு டி4இல் வெட்ட, வெள்ளை சி3 காலாளால் திருப்பி வெட்டுகிறது. இப்போது டி3 மந்திரி குறுக்கே நிற்பதால் டி1 அரசி டி4ஐக் காக்க முடியாது. காவல் ஒன்றுதான். தாக்குவது இரண்டு. "சும்மா கிடைக்குது" என்று கை துறுதுறுக்கும். கறுப்பு குதிரையால் டி4இல் வெட்டுகிறது. வெள்ளைக் குதிரை அதை வெட்டுகிறது. கறுப்பு அரசி அந்தக் குதிரையை வெட்டுகிறாள். அடுத்து வெள்ளை மந்திரி பி5க்குப் போகிறது. அரசனுக்குச் செக்! மந்திரி விலகியதால் டி வரிசையும் திறந்துவிட்டது. கறுப்பு செக்கைத் தீர்க்க வேண்டும், அதற்குள் வெள்ளை அரசி டி4இல் இருக்கும் கறுப்பு அரசியைத் தூக்கிவிடுவாள்.

சரியான வழி என்ன? ஏழாம் நகர்வில் வெட்டாமல், மந்திரியை டி7இல் வைக்க வேண்டும். பி5இலிருந்து வரும் செக் அடைபட்டுப் போகும். அதன்பின் டி4 உண்மையாகவே ஆபத்தில் இருக்கிறது. அப்போதும் வெள்ளை கோட்டை கட்டி, அந்தக் காலாளை விட்டுக்கொடுத்து, காய்களை வேகமாக வெளியே கொண்டுவந்து தாக்கலாம். இந்த வழிக்கு இங்கிலாந்து ஆட்டக்காரர் ஸ்டூவர்ட் மில்னர்-பாரியின் (1906–1995) பெயரை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் இரகசியச் சங்கேதங்களை உடைக்கும் வேலை செய்தவர் அவர்.

பெரியவர் ஆடிய ஒரு ஆட்டம்

இன்றைய செக் குடியரசில் இருக்கும் கார்ல்ஸ்பாட் நகரில், 1911இல் நடந்த போட்டியில் நிம்சோவிச் வெள்ளையாக சால்வே என்பவரோடு ஆடினார். நாம் பார்த்த அதே ஐந்து நகர்வுகள். ஆறாவதில் மந்திரி டி3. சால்வே மந்திரியை டி7இல் வைத்தார். நிம்சோவிச் ஏழாவதில் தன் டி4 காலாளாலேயே சி5இல் வெட்டினார். அடிக்கல்லைத் தானே எடுத்துவிட்டார்! கறுப்பு மந்திரி திருப்பி வெட்டியது. வெள்ளை கோட்டை கட்டியது. கறுப்பு எப்6 ஆடி ஈ5 காலாளையும் இடித்தது.

சங்கிலி முழுவதும் போய்விட்டதே, வெள்ளை தோற்றிருக்க வேண்டுமல்லவா? இல்லை. காலாட்கள் போன இடத்தில் நிம்சோவிச் காய்களை உட்கார வைத்தார். முதலில் மந்திரி ஈ5இல். பிறகு மந்திரி டி4இலும் குதிரை ஈ5இலும். கறுப்பின் ஈ6, டி5 காலாட்கள் முன்னே வர வழியில்லாமல் நின்றுவிட்டன. வெள்ளை வென்றது. காலாளைக் காப்பதைவிட அந்தக் கட்டத்தைப் பிடித்து வைத்திருப்பது முக்கியம் என்று இந்த ஆட்டம் நமக்குக் காட்டுகிறது. திட்டம் தெரிந்தவர், தேவை வந்தால் அதை மாற்றியும் ஆடலாம்.

வீட்டில் பழகும் முறை

இரண்டு பேர் உட்காருங்கள். முதல் ஐந்து நகர்வுகளை வைத்துவிட்டு, அங்கிருந்து ஆட்டத்தைத் தொடங்குங்கள். ஒரு ஆட்டம் முடிந்ததும் பலகையைத் திருப்பிப் பக்கம் மாறி ஆடுங்கள். வெள்ளையை மட்டும் ஆடுபவருக்குப் பாதிதான் விளங்கும். காயைத் தொடுமுன் மனதுக்குள் ஒரு கேள்வி கேளுங்கள்: "அவருக்கு இப்போது என்ன வேணும்?" இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய பிள்ளை பொறியில் எளிதில் விழாது. பெண் பிள்ளைகளையும் பலகைக்கு முன்னால் உட்கார வையுங்கள், பெற்றோரே. தண்ணி எடுக்கவும் தம்பியைப் பார்க்கவும் மட்டும் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், யோசிக்க நேரம் எங்கே கிடைக்கும்? தோற்ற பிள்ளையைத் திட்ட வேண்டாம். எந்த இடத்தில் திட்டம் தவறியது என்று இருவருமாகச் சேர்ந்து திரும்ப வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சிக் கேள்விகள்

1. ஐந்து நகர்வுக்குப் பிறகு வெள்ளை உடனே டி4 காலாளால் சி5இல் வெட்டுகிறது. கறுப்பு மந்திரி திருப்பி வெட்டுகிறது. கறுப்பின் அரசியும் மந்திரியும் சேர்ந்து எந்தக் கட்டத்தைக் குறிபார்க்கின்றன? வெள்ளை என்ன செய்யலாம்?

2. வெள்ளை மந்திரி பி2இல் இருக்கிறது, கறுப்புக் குதிரை எப்5இல் நிற்கிறது. வெள்ளை ஜி4 என்று காலாளைத் தள்ளி அதை விரட்டுகிறது. குதிரை பின்வாங்கினால் டி4ஐத் தாக்கும் காய்கள் எத்தனை? இதனால் வெள்ளைக்கு ஏதும் நட்டம் உண்டா?

விடைகள்

1. எப்2. அதை அரசன் மட்டுமே காக்கிறான். அரசியை ஈ2க்குக் கொண்டுவந்து காவலைக் கூட்டலாம். நிம்சோவிச் முதலில் மந்திரியை வெளியே எடுத்துவிட்டு வெட்டியதால், உடனே கோட்டை கட்டி எப்2ஐக் காக்க அவரால் முடிந்தது.

2. இரண்டு. காப்பது மூன்று. நட்டமும் உண்டு: ஜி காலாள் முன்னே போனால் திரும்பி வராது. அந்தப் பக்கம் அரசனை வைத்தால் அவனுக்கு மறைப்புக் குறைவு.