நஞ்சைத் தடுத்த நாடு

பயிருக்குத் தெளிக்கும் நஞ்சையும் ‘மருந்து’ என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்றால் எந்த ஊரிலும் அதற்குப் பொருள் ஒன்றுதான். சொல்லில் நேர்ந்த இம்மயக்கத்தைத் தமிழ்த்துறையினர் ஆராயட்டும். அந்நஞ்சை அரசு கட்டுப்படுத்தினால் தற்கொலைச் சாவு குறையுமா என்பதே ஈண்டு நம் வினா.

தற்கொலை என்பது பன்னாள் எண்ணிச் செய்யும் முடிவு எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால் நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வருவோரில் பலர், ஒரு சண்டையின் சூட்டிலோ ஓர் அவமானத்தின் வேகத்திலோ சில நிமிடங்களில் அம்முடிவுக்கு வந்தவர்கள். பிழைத்தபின் வாழவே விரும்புபவர்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருந்த நஞ்சு எத்தன்மையது என்பதைப் பொறுத்தே அவர்கள் பிழைப்பதும் பிழையாததும் அமைகிறது.

இதற்கு இலங்கையே தக்க சான்று. 1995இல் அங்கு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று அது. 1980ஆம் ஆண்டுச் சட்டம், பூச்சிக்கொல்லிகளைப் பதிவு செய்யவும் மறுக்கவும் ஒரு பதிவாளருக்கு அதிகாரம் தந்திருந்தது. அவ்வதிகாரத்தால் 1984இல் பாரத்தியானும், 1995இல் மோனோகுரோட்டோபாசும் மெத்தாமிடோபாசும் விலக்கப்பட்டன. உழவர்கள் எண்டோசல்பானுக்கு மாறினர். அதனால் சாவு பெருகவே 1998இல் அதுவும் விலக்கப்பட்டது. 2008 முதல் 2011க்குள் மேலும் மூன்று நஞ்சுகள் நீக்கப்பட்டன. தற்கொலை வீதமோ 2005க்குள்ளேயே ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

ஒன்று கிடைக்காவிடில் வேறொன்றை நாடமாட்டார்களா என வினவலாம். நாடத்தான் செய்தனர். நஞ்சருந்தி மருத்துவமனை சேர்ந்தோர் தொகை குறைந்துவிடவில்லை. பிழைத்து வீடு திரும்பியோரே மிகுந்தனர். விளைச்சல் வீழும் என்ற அச்சமும் மெய்யாகவில்லை. தடைகளால் நெல் விளைவு குன்றியதாகக் காணப்படவில்லை.

சட்டம் எதற்கு, வீட்டிலேயே பூட்டிவைக்கலாமே என்போரும் உளர். அதையும் சோதித்துப் பார்த்தார்கள். அனுராதபுரம் பகுதியில் 180 சிற்றூர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதி ஊர்களில் வீடுதோறும் பூட்டுள்ள பெட்டிகள் வழங்கினர். 2017இல் முடிவு வெளியாயிற்று: பெட்டி பெற்ற ஊர்களுக்கும் பெறாத ஊர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. திறவுகோல் அதே வீட்டில்தானே இருந்தது!