கொட்டும் வாலா, மூச்சுக் குழலா?

"தண்ணிக்குள்ள தேள் கிடக்கு, கொட்டிடும்" என்று பிள்ளைகளைக் குளத்தில் இறங்கவிடாமல் மிரட்டுவதை இன்றும் கேட்கலாம். கையில் அகப்பட்டால் அந்தப் பூச்சியைக் கரையில் போட்டு மிதித்துவிடுகிறார்கள். பாவம், அதற்குக் கொட்டத் தெரியாது. வாலாகத் தெரிவது அது மூச்சு விடும் குழல்.

நீர்த்தேள் தேள் இனமே அல்ல. மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பூச்சி அது. தேளுக்கு எட்டுக் கால், இதற்கு ஆறு. முன்னங்கால் இரண்டும் இரையைக் கவ்விப் பிடிக்க மடங்கி இருக்கும். அவற்றைத்தான் தேளின் இடுக்கி என்று எண்ணிவிடுகிறோம். தேளின் வால் கணுக்கணுவாக வளைந்து நுனியில் முள்ளோடு முடியும். நீர்த்தேளின் வாலோ விறைப்பானது. உட்குழிந்த இரண்டு மெல்லிய இழைகள் ஒட்டிச் சேர்ந்து ஒரே குழாயாக நிற்கின்றன. வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினில் குளத்துத் தண்ணீரை ஊற்றி அதில் ஒன்றை விட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் தலையைக் கீழே சாய்த்து, வால் நுனியை மட்டும் நீருக்கு மேலே நீட்டி அசையாமல் நிற்கும். காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. இறுக்கிப் பிடித்தால் ஊசிபோன்ற வாயால் குத்தக்கூடும். சுருக்கென்று வலிக்கும், அவ்வளவுதான்.

குளத்துப் பூச்சிகளை உருவத்தை வைத்தே நாம் அடையாளம் சொல்கிறோம்; குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு பூச்சி எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்தால் பாதி அடையாளம் கிடைத்துவிடும்.

"முதுகில் முட்டை சுமப்பது தாய்ப்பூச்சி"

நீள்வட்டமாக, தட்டையாக, பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி நம் குளங்களில் நிறைய உண்டு. டிப்லோனிக்கஸ் என்பது அதன் பேரினம். சிலவற்றின் முதுகு தெரியாதபடி முட்டைகள் நெருக்கமாக நட்டு வைத்ததுபோல் நிற்கும். பார்த்தவுடன் தாய் என்றுதான் யாரும் சொல்வார்கள். அறிவியலாளர்களே வெகுகாலம் அப்படி நினைத்தார்கள். பெண் பூச்சி தன் முதுகில் தானே முட்டையிட்டுக்கொள்கிறது என்று எழுதியும் வைத்தார்கள். இதே குடும்பத்து அமெரிக்கப் பூச்சி ஒன்றை அறுத்துப் பார்த்த ஃப்ளோரன்ஸ் வெல்ஸ் ஸ்லேட்டர், சுமப்பது ஆண் என்று 1899-ல் எழுதினார். பெண் தன் முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது.

அந்தத் தகப்பன் சும்மா சுமப்பதில்லை. முட்டைக்கும் மூச்சு வேண்டும். நீருக்குள்ளேயே கிடந்தால் மூச்சுமுட்டும், வெளியிலேயே இருந்தால் காய்ந்துவிடும். அதனால் நீர்ப்பரப்புக்கு வந்து முட்டைகளைக் காற்றில் காட்டுகிறது; பிறகு கீழே போய் உடலை மேலும் கீழுமாக அசைத்து அவற்றின் மேல் புதுத்தண்ணீர் ஓடச் செய்கிறது. குஞ்சு பொரியும் வரை இதே வேலைதான். இந்தப் பூச்சியை அருவருப்பில் தூக்கி எறிகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கொசுப்புழு இதற்குப் பிடித்த தீனி.

"தண்ணீர் மேல் ஓடுவது சிலந்தி"

பெரும்பாலும் இல்லை. கால்களை எண்ணினால் ஆறுதான் வரும். முன்னிரண்டு குட்டையாக இருப்பதால் நான்கு மட்டுமே கண்ணில் படும். கால்களில் தண்ணீர் ஒட்டாத நுண்மயிர்கள் இருப்பதால்தான் மூழ்குவதில்லை.

"நெளிவதெல்லாம் கொசுப்புழு"

இந்த நம்பிக்கைதான் குளங்களுக்கு அதிகக் கேடு செய்கிறது. கொசுப்புழு காற்றுக்காக நீர்ப்பரப்புக்கு வந்தாக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸின் புழுவும் கியூலெக்ஸின் புழுவும் பின்பக்கக் குழலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸின் புழுவுக்கு அந்தக் குழல் கிடையாது; நீர்ப்பரப்போடு படுக்கைவசமாக ஒட்டிக் கிடக்கும்.

அடிச்சேற்றில் நெளியும் சிவப்புப் புழு வேறு. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது 'பிளட் வோர்ம்' என்று தெரியும். அது ரத்தம் குடித்துச் சிவந்ததல்ல. அதன் உடலிலேயே ஹீமோகுளோபின் இருக்கிறது. காற்று குறைந்த சேற்றிலும் அது தாக்குப்பிடிப்பது அதனால்தான். வளர்ந்து மாலையில் விளக்கைச் சுற்றிக் கூட்டமாகப் பறக்கும்போது கொசுபோலவே தெரியும், ஆனால் கடிக்காது.

இன்னொன்று தட்டானின் இளவுயிரி. பழுப்பாக, ஆறு காலோடு, பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். அதன் செவுள் குடலின் கடைசிப் பகுதிக்குள் இருக்கிறது. பின்வழியாகத் தண்ணீரை இழுத்து மூச்சு விடுகிறது. ஆபத்து என்றால் அதே தண்ணீரைப் பீய்ச்சி முன்னால் பாய்கிறது. ஊசித்தட்டானின் இளவுயிரி மெலிந்தது. அதன் வால்பக்கத்தில் இலைபோன்ற மூன்று செவுள்கள் தெரியும். இரண்டுமே மடித்து வைத்த கீழுதட்டைச் சட்டென்று நீட்டிக் கொசுப்புழுவைப் பிடித்துத் தின்பவை.

ஏடிஸ் எஜிப்டி முட்டையிடுவது வீட்டுத் தொட்டி, டிரம், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில். அதை விட்டுவிட்டு, டெங்கு பயத்தில் ஊர்க்குளத்தில் பிளீச்சிங் பவுடர் கொட்டினால் சாவது மீனும் தட்டானும் தகப்பன் பூச்சியும்தான். கொசுவை ஒழிக்கக் கம்பூசியா மீனை விடுவதும் நல்லதல்ல. கொசுப்புழுவோடு மற்றப் பூச்சிகளையும் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் அது தின்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

மீன் பண்ணைக்காரர்கள் மறுத்துப் பேசலாம், அதில் நியாயமும் உண்டு. நாற்றங்கால் குளத்தில் இந்தப் பூச்சிகள் மீன் குஞ்சுகளைத் தீர்த்துவிடும். அதற்காக ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும் கலந்து தெளிப்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். எண்ணெய்ப் படலம் நீர்ப்பரப்பை மூடியதும், மேலே வந்து மூச்சு விடும் பூச்சிகள் மூச்சுமுட்டிச் சாகின்றன. செவுளால் மூச்சு விடும் தட்டான் இளவுயிரி அதில் எளிதில் சாகாது. குஞ்சு விடுவதற்கு முன் நாற்றங்காலில் செய்யும் அந்த வேலைக்கு ஊர்ப் பொதுக்குளத்தில் இடமில்லை.

"பூச்சி இருந்தால் தண்ணீர் கெட்டது"

குடிக்கலாமா என்பதைப் பூச்சியை வைத்துச் சொல்ல முடியாது. நோய்க்கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நீர்நிலை உயிரோடு இருக்கிறதா என்பதைச் சொல்லலாம். பிரிட்டனில் ஆறுகளுக்காக வகுத்த ஒரு முறையில் பூச்சி, புழு போன்ற சிற்றுயிர்க் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. தட்டான் குடும்பங்கள் பலவற்றுக்கு 8, சிவப்புப் புழுவின் குடும்பத்துக்கு 2. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதைத் தழுவி ஒரு முறையை வைத்திருக்கிறது. தேங்கிய குளத்துக்கு ஆற்றுக் கணக்கை அப்படியே போட முடியாது. ஆனாலும் டீ வடிகட்டியால் நாலு இடத்தில் அரித்துப் பார்த்தும் சிவப்புப் புழுவைத் தவிர வேறெதுவும் வரவில்லை என்றால், அடியில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். சாக்கடை எங்கே வந்து கலக்கிறது என்று முதலில் தேட வேண்டும்.