எஸ்தோனிய அட்டையும் இரண்டு ரகசிய எண்களும்

அன்புள்ள நிலாவுக்கு,

எஸ்தோனியாவில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவும், மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டை இணையத்தில் பார்க்கவும் கடவுச்சொல் தேவைப்படுவதில்லை. 2002 முதல் அங்கு வழங்கப்படும் அடையாள அட்டையின் சிப் அந்த வேலையைச் செய்கிறது.

கடவுச்சொல்லின் பலவீனம், ஒவ்வொரு முறையும் அது கைமாறுவதுதான். போலித் தளம் அதை வாங்கிக்கொள்ளலாம். சர்வரில் புகுந்தவர் அள்ளிச் செல்லலாம். அட்டைக்குள்ளோ கணிதத்தால் பிணைந்த இரண்டு சாவிகள் உண்டு. பொதுச் சாவியை யாரும் பார்க்கலாம். தனிச் சாவி சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. ஒருவர் உள்நுழைய முயலும்போது, முன்கூட்டி ஊகிக்க முடியாத ஒரு புது எண்ணைத் தளம் அனுப்புகிறது. சிப் அதில் தனிச் சாவியால் கையொப்பமிட்டுத் திருப்புகிறது. தளம் பொதுச் சாவியைக் கொண்டு அதைச் சரிபார்க்கிறது. அந்தப் பதிலை வழியில் யாரேனும் பிடித்தாலும் பயனில்லை. அடுத்த முறை எண் வேறு.

அட்டை தொலைந்தால்? பின் நம்பர் தெரியாதவருக்கு அது வெறும் பிளாஸ்டிக். மூன்று முறை தவறாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். பின் நம்பர்களும் இரண்டு: உள்நுழைய முதலாவது, குறைந்தது நான்கு இலக்கம், கையொப்பமிட இரண்டாவது, குறைந்தது ஐந்து இலக்கம். இந்த அமைப்பிலேயே மிகச் சிறந்த யோசனை இதுதான். தன் விவரங்களைப் பார்ப்பது வேறு, சட்டப்படி செல்லும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது வேறு என்பதை விரல்களே உணர்ந்துவிடுகின்றன. சிம் கார்டு வழியாக இதையே செய்யும் வசதி 2007இல் வந்தது.

இத்தனை கவனத்துக்கும் ஒரு சோதனை வந்தது. செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், சிப்புக்குள் சாவிகளை உருவாக்கும் மென்பொருளில் ஒரு குறையைக் கண்டனர். போதிய கணினி வலிமை இருந்தால் பொதுச் சாவியிலிருந்தே தனிச் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். 2017 ஆகஸ்டில் எஸ்தோனியாவுக்கு இந்தத் தகவல் கிடைத்தது. செப்டம்பர் தொடக்கத்திலேயே அரசு அதைப் பகிரங்கமாக அறிவித்தது. மறைக்காமல் சொன்னது பெரிய விஷயம். மக்கள் நம்பிக்கை இல்லாமல் இப்படியொரு முறை ஒரு நாள்கூட ஓடாது. பாதிக்கப்பட்டவை சுமார் 7,60,000 அட்டைகள். நாட்டின் மக்கள்தொகையோ அப்போது ஏறத்தாழ 13 லட்சம். பொதுச் சாவி யாருடையது என்று உறுதிசெய்யும் சான்றிதழ்கள், அந்த அட்டைகளுக்கு நவம்பர் 3 நள்ளிரவில் நிறுத்திவைக்கப்பட்டன. அட்டையை மாற்றாமல், வீட்டுக் கணினியிலிருந்தே வேறு வகைச் சாவிகளுக்கு மாறிக்கொள்ள வழி செய்யப்பட்டது. 2018 மார்ச் முடிவதற்குள் புதுப்பிக்கப்படாத சான்றிதழ்கள் ரத்தாயின.

அன்புடன்,
பெரியப்பா