ஊடுகதிரும் பல்லும்: பல் தூய்மையியல் கற்பித்தலில் கலைச்சொற் பொருத்தம்

திறவுச்சொற்கள்: ஊடுகதிர், பல் கதிர்ப்படம், கலைச்சொல்லாக்கம், காஞ்சிபுரம், நெசவுச் சொற்கள்.

முன்னுரை

1948ஆம் ஆண்டின் இந்தியப் பல் மருத்துவர் சட்டம், பல் தூய்மையாளர் என்பாரைப் பல் மருத்துவரினின்று பிரித்து வரையறுத்தது. பற்காரை அகற்றல், பல்லைத் தூய்மை செய்து மெருகிடல், பல் நலம் குறித்து அறிவுறுத்தல் ஆகியன அவர்தம் பணிகளாகும். இவற்றுள் இறுதிப்பணி முழுதும் மொழி சார்ந்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் பல்வலியுடன் வந்தால், ஆங்கிலத்தில் கற்ற கதிர்ப்படப் பாடத்தை மாணவர் தமிழிலேயே அவருக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

வாயின் புறத்தோற்றத்திற்குத் தமிழில் சொற்பஞ்சமில்லை. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துப் பிறக்கும் இடங்களைக் கூறுமிடத்து அண்ணம், இதழ், அண்பல் ஆகியவற்றைத் துல்லியமாகச் சுட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிரீன், மேலை உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். ஆயினும் அவர் 1884இல் மறைந்தார். வில்லெம் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்ததோ 1895 நவம்பரில். ஆதலின் கதிர்ப்படம் தொடர்பான தமிழ்ச் சொற்கள் அவர் கைப்படாமல் பிற்காலத்தே உருவாயின. அவற்றுள் சில பாடத்திற்குத் துணை நிற்கின்றன. சில பிழையான நோய்க்கணிப்பிற்கே வழிவகுக்கக் கூடியவை.

ஊடும் ஊடையும்

'எக்ஸ்' என்பது அறியப்படாததைக் குறிக்க ரோண்ட்கன் இட்ட குறியீடு. 'ஊடுகதிர்' என்னும் தமிழாக்கம் அக்குறியீட்டைப் பெயர்க்காமல் கதிரின் செயலைப் பெயராக்கியது. 'ஊடு' இடையே செல்லுதலைக் குறிக்கும் (புலவி குறித்த ஊடுதல் வேறு). தறியில் பாவு நூல்களின் இடையே புகுந்து செல்லும் குறுக்கு நூலை ஊடை என்பதும் இப்பொருளிலேயே. காஞ்சிபுரத்து மாணவர்க்கு இச்சொல் வீட்டில் புழங்குவது.

அத்தறியிலிருந்தே பாடத்தின் முதற்கருத்தையும் விளக்கலாம். பட்டுப்புடவையைச் சாளர வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் உடற்பகுதியில் ஒளி ஓரளவு கசியும்; சரிகைக் கரையில் தடைபடும். ஊடுகதிரும் இவ்வாறே பொருளுக்குப் பொருள் வேறுபட்ட அளவில் தடைபடுகிறது. வேறுபாடு ஒன்றுண்டு. சாளரத்தின் எதிரே சரிகை கருமையாகத் தோன்றும். படச்சுருளிலோ கதிர் பட்ட இடமே கறுக்கும், தடுத்த இடம் வெண்மையாக நிற்கும். வெள்ளி கலந்த இரசக்கலவையால் அடைக்கப்பட்ட பல் படத்தில் பளிச்சென வெளுத்திருப்பது இதனாலேயே.

ஒளிபுகுதலும் கதிர்புகுதலும்

படத்தின் கரும்பகுதியையும் வெண்பகுதியையும் 'ஒளிபுகும் பகுதி', 'ஒளிபுகாப் பகுதி' எனக் குறித்தல் பொருந்தாது. பல்லின் மேலுறையாகிய எனாமல் கண்ணுக்குப் புலனாகும் ஒளியைக் கசியவிடுவது. பல்லின் பொலிவிற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமாதலின், மனித உடலின் திசுக்களுள் ஊடுகதிரை மிகுதியாகத் தடுப்பதும் அதுவே. ஈறு இதற்கு நேர்மாறு. ஒளியை அடிப்படையாகக் கொண்ட சொல், மாணவரை இரண்டிடத்தும் தவறான விடைக்கே இட்டுச்செல்லும். 'கதிர்புகு பகுதி', 'கதிர்தடு பகுதி' என்பன பொருந்துவன. 'புகா' என்னும் முற்றெதிர்மறையைத் தவிர்ப்பது நன்று. இவை ஒப்பீட்டுச் சொற்கள். பற்கூழை நோக்கப் பல்லின் உட்திசு கதிர்தடுப்பது. எனாமலை நோக்க அதுவே கதிர்புகுவது.

சொத்தை கண்ணுக்கும் கறுப்பு, படத்திலும் கறுப்பு. இந்த ஒற்றுமை தற்செயலானது. படத்துக் கறுப்பு நிறமன்று, கனிம இழப்பு. கனிமம் கணிசமாகக் கரைந்த பின்னரே அது படத்தில் புலப்படும் என்பதால், உண்மைச் சொத்தை படத்திற் காண்பதைவிடப் பெரிதாகவே இருக்கும்.

மோவாய்த் துளை

சொல்லின் பிழையும் நோய்க்கணிப்பின் பிழையும் ஒருங்கே நேரக்கூடிய இடம் 'மென்ட்டல் ஃபொரமென்'. 'மென்ட்டல்' என்பதை மனம் சார்ந்ததெனக் கொண்டால் 'மனத்துளை' என்னும் பொருளற்ற ஆக்கம் பிறக்கும். இங்கு மூலம் 'மென்டும்' என்னும் இலத்தீன் சொல், பொருள் மோவாய். வழக்கிலுள்ள 'நாடி' மோவாயைக் குறிப்பினும் குருதித் துடிப்பையும் குறிப்பதால் மயக்கம் தரும். எனவே 'மோவாய்த் துளை' என்பதே தகும்.

கீழ்த்தாடையில் நரம்பு வெளிப்படும் இத்துளை, முன்கடைவாய்ப் பற்களின் வேர்நுனிக்கு அருகே வட்டமான கரும்புள்ளியாகப் படத்தில் விழும். வேர்நுனிச் சீழ்க்கட்டியும் அவ்வாறே தோன்றும். இடத்தைச் சுட்டும் பெயரைக் கற்ற மாணவர், அவ்விடத்துக் கரும்புள்ளியைக் கண்டதும் முதலில் துளையை எண்ணுவார். பெயர் பொருளற்றதாயின் நோயையே எண்ணுவார். நலமான பல்லுக்கு வேர்ச்சிகிச்சை நடந்துவிடும். வேரைச் சூழ்ந்த வெண்கோடு அறுபடாதிருத்தல், கதிர்க்குழாயின் கோணத்தை மாற்றி மீண்டும் எடுத்த படத்தில் புள்ளி வேர்நுனியை விட்டு விலகுதல் ஆகியன துளைக்குரிய அடையாளங்கள்.

நிழலின் நீட்சி

கதிர்ப்படம் அடிப்படையில் நிழலே. 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரத்தின் நிழல் காலையில் நீண்டும் உச்சியில் குறுகியும் விழுவதை ஊரார் அனைவரும் அறிவர். கதிர்க்குழாயின் செங்குத்துக் கோணம் தாழ்ந்தால் பல் நீண்டு பதியும். மிக உயர்ந்தால் குறுகிப் பதியும். நீண்ட படம் வேரின் நீளத்தையும், எலும்புத் தேய்வின் அளவையும் மிகைப்படுத்தக் கூடும். பற்காரை அகற்றும் தூய்மையாளர்க்கு எலும்பு விளிம்பின் மட்டம் இன்றியமையாதது. நலமான வாயில் அது எனாமலின் கீழ்விளிம்பிலிருந்து 1 முதல் 2 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும்.

கதிர்வீச்சும் கதிரியக்கமும்

மருத்துவமனைப் பலகைகளில் 'கதிரியக்கவியல்' என்னும் சொல் பரவலாக வழங்குகிறது. கதிரியக்கம் என்பது யுரேனியம் போன்ற தனிமங்களின் இயல்பான சிதைவு. பல் ஊடுகதிர்க் கருவியில் கதிரியக்கப் பொருள் ஏதுமில்லை. மின்சாரம் நின்றால் கதிரும் நிற்கும். அறையிலோ உடலிலோ எதுவும் எஞ்சாது. 'கதிரியக்கம்' என்று கேட்ட நோயாளர் அணு உலையை எண்ணி அஞ்சுவது இயல்பு. 'கதிர்வீச்சு' என்பதே சரியான சொல்.

அச்சம் தேவையில்லை என்பதால் எச்சரிக்கையும் தேவையில்லை என்றாகாது. 1896இல் ஓட்டோ வால்காஃப் எடுத்த முதற் பற்படத்திற்கு 25 நிமிடக் கதிர்வீச்சு தேவைப்பட்டது. நியூ ஆர்லியன்சின் எட்மண்ட் கெல்ஸ் தம் கையையே கதிரில் நீட்டிக் கருவியின் திறனைச் சரிபார்த்து வந்தார். பின்னர் விரல்களையும் கையையும் புற்றுநோய்க்கு இழந்தார். இன்றைய கதிர்வீச்சு நேரம் ஒரு நொடியின் சிறு கூறே. எனினும் இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பணியாளர்க்கு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டிற்கு 20 மில்லிசீவர்ட் என வரம்பிட்டுள்ளது. நோயாளர் வாயினுள் படச்சுருளைப் பணியாளர் தம் விரலால் பிடித்தலாகாது. கதிர்ப்பாதையினின்று விலகி, இரண்டு மீட்டர் அளவு தள்ளி நிற்றல் வேண்டும். தொலைவு இருமடங்கானால் கதிரளவு நான்கில் ஒன்றாகக் குறையும்.