மெய்நிகர் இயந்திரத்தில் மாறாத லினக்ஸ் சூழல்

பயிர் அறுவடைப் பரிசோதனைக்காக 400 வயல்களுள் 10 வயல்களைத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது எனக் கொள்க. கள ஊழியர் ஒருவர் 2019-ஆம் ஆண்டில் 'ஆர்' என்னும் புள்ளியியல் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதி, அதன் தொடக்க எண்ணையும் குறிப்பேட்டில் பதிந்து, தேர்வை முடிக்கிறார். தொடக்க எண் மாறாவிடில் தேர்வும் மாறாது என்பதே இம்முறையின் பயன். மூன்றாண்டுகளுக்குப்பின் மேற்பார்வையாளர் அதே நிரலை அதே எண்ணுடன் தமது கணினியில் இயக்குகிறார். வேறு வயல்கள் வருகின்றன! ஊழியர் தமக்கு வசதியான வயல்களையே பொறுக்கினார் என்ற ஐயம் எழ வேறு காரணம் வேண்டியதில்லை.

உண்மையில் பிழை எவரிடமும் இல்லை. 2019 ஏப்ரலில் வெளிவந்த ஆர் 3.6.0 பதிப்பில், தற்செயல் தேர்வு செய்யும் கணக்குமுறை மாற்றப்பட்டது. தொகுதி மிகப் பெரிதாக இருக்கையில் பழைய முறை சிறிது ஒருபக்கம் சாய்ந்தமையால், அம்மாற்றம் நல்ல மாற்றமே. ஆனால் 2019-இல் வந்த டெபியன் 10 லினக்ஸில் இருந்தது ஆர் 3.5.2, 2021-இல் வந்த டெபியன் 11-இல் இருப்பது 4.0.4. நிரலில் ஓரெழுத்தும் மாறவில்லை, எச்சரிக்கையும் தோன்றவில்லை, விடை மட்டும் மாறிவிட்டது. பைத்தான் மொழியிலும் இத்தகைய மாற்றம் உண்டு. ஏழை இரண்டால் வகுத்தால் பைத்தான் 2 மூன்று என்னும். பைத்தான் 3 மூன்றரை என்னும். மழையளவின் சராசரி காண்போர் இதன் விளைவை எளிதில் ஊகிக்கலாம்.

ஆகவே நிரலோடு, அது இயங்கிய சூழலையும் காத்தல் அவசியமாகிறது. அதற்கு ஏற்ற சாதனம் மெய்நிகர் இயந்திரம். ஒரு கணினிக்குள் மற்றொரு கணினி இருப்பதுபோல் மென்பொருளால் தோற்றுவித்து, அதில் தனி இயங்குதளத்தை இயக்குவதே இம்முறை. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களிலேயே பெருங்கணினிகளில் இதனைச் செய்து காட்டினர். இன்டெல் 2005-லும், ஏ.எம்.டி. 2006-லும் தம் செயலிகளிலேயே இதற்கான வசதியை அமைத்தபின், மேசைக் கணினிகளிலும் இது தங்குதடையின்றி நடைபெறுகிறது. எட்டு கிகாபைட் நினைவகமுள்ள பள்ளிக் கணினி, இரண்டை விருந்தினராய் வந்த லினக்ஸுக்கு ஒதுக்கிவிட்டுத் தன் வேலையையும் பார்க்கும்.

மெய்நிகர் இயந்திரத்தின் வட்டுக் கோப்பைப் பிரதி எடுத்து வைத்தாலே போதும் எனப் பலர் கருதுகின்றனர். அது போதாது. பல கிகாபைட் அளவுள்ள அக்கோப்பினுள் எது, எப்பொழுது, யாரால் நிறுவப்பட்டது என்பதைப் பின்வருவோர் அறிய வழியில்லை. சமைத்த உணவைப் பார்த்துப் பக்குவத்தை ஊகிப்பதை ஒக்கும் அது. காக்கவேண்டியது செய்முறைக் குறிப்பையே. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த வேக்ரண்ட் என்னும் கருவி இதற்கெனவே அமைந்தது. எந்த அடிப்படை லினக்ஸ், அதன் எந்தப் பதிப்பு, எவ்வளவு நினைவகம், பின்னர் நிறுவவேண்டியவை யாவை என்பன ஒரு சிறிய உரைக்கோப்பில் எழுதப்படும். அதனைப் படித்து வேக்ரண்ட் இயந்திரத்தைக் கட்டியெழுப்பும்.

செய்முறையில் 'ஆர்' என்று மட்டும் எழுதுவது, மருந்துச் சீட்டில் அளவைக் குறிக்காது விடுவதற்கு ஒப்பாகும். பதிப்பெண்ணை முழுமையாகத் தருக. டெபியனின் ஸ்னாப்ஷாட் களஞ்சியம் 2005 முதற்கொண்டு மென்பொருள் தொகுதிகளை நாள்வாரியாகச் சேமித்துவருவதால், குறித்த நாளின் நிலையையே கேட்டுப் பெறவும் இயலும். பழைய பட்டியல்களுள் சிலவற்றில் காலாவதி நாள் இருப்பதால் நிறுவி அவற்றை ஏற்க மறுக்கலாம். அப்பொழுது அந்த நாட்சோதனையை மட்டும் நீக்குக. கையொப்பச் சோதனையை ஒருபோதும் நீக்கலாகாது. மேலும், பழைய மென்பொருளில் பாதுகாப்புத் திருத்தங்கள் இரா. ஆதலின் கட்டி முடிந்தபின் அவ்வியந்திரத்தை இணையத்தினின்று துண்டித்தல் நலம்.

நேரமும் கவனிக்கத்தக்கது. அடிப்படை லினக்ஸ் பெரும்பாலும் உலகப் பொதுநேரத்தில் இயங்கும்; இந்திய நேரமோ ஐந்தரை மணி முற்பட்டது. காலை 5 மணிக்கு இந்திய நேரத்தில் எடுத்த அளவு, பொதுநேரக் கணக்கில் முந்தின நாளின் இரவு 11.30 ஆகி, நாள்வாரிப் பட்டியலில் ஒரு வரி மேலேறிவிடும். நேர மண்டலத்தையும் செய்முறையில் எழுதிவிடுக.

செயலியை மட்டும் இம்முறையால் முற்றிலும் மறைக்க இயலாது. இன்டெல் வகைக்குக் கட்டிய இயந்திரம், ஆப்பிள் நிறுவனத்தின் எம்-வரிசைக் கணினிகளில் நேரே இயங்காது. ஒரே வகைச் செயலிகளிலும் சில கணித நூலகங்கள் செயலிக்கேற்ற வழியைத் தாமே தெரிந்துகொள்வதால், தசமத்தின் கடைசி இலக்கங்கள் வேறுபடக்கூடும். முதல் ஆறு இலக்கங்கள் ஒத்திருந்தால் வயல்வேலைக் கணக்குகளுக்குப் பெரும்பாலும் போதும்.

செய்முறை முழுமையானதா என அறிய ஒரே வழி, இயந்திரத்தை அழித்து மீண்டும் கட்டுவதேயாகும். பருவத்துக்கு ஒருமுறை இதனைச் செய்து, தெரிந்த கணக்கொன்றை இயக்கி, பழைய விடையுடன் ஒப்பிடுக. அழிக்குமுன், அளவைத் தரவுகள் இயந்திரத்துக்கு வெளியே, பகிர்ந்த கோப்புறையில் உள்ளனவா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். உள்ளே இருந்தவை இயந்திரத்தோடு போய்விடும்.

இணைய வசதி குறைந்த நிலையங்களுக்கு, தலைமையிடத்தில் ஒருமுறை கட்டிய இயந்திரத்தைப் பொதியாக்கி வட்டில் அனுப்பலாம். அதனுடன் செய்முறைக் கோப்பையும், பொதியின் எஸ்.எச்.ஏ.-256 சரிபார்ப்புத் தொகையையும் வேறொரு தாளில் அனுப்புக. அத்தொகை 64 எழுத்துகளாலானது. பெறுபவர் தம் கணினியில் கணித்து, கடைசி எழுத்துவரை ஒப்பிட்ட பின்னரே பொதியைத் திறக்கவேண்டும்.